படையினர் காப்பு

காலையில் கதிரேசன் ஒரு டம்ளர் பால் காய்ச்சினான், முகம் மழித்தான், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சட்டத்துறை மொழிபெயர்ப்புப் பிரிவுக்குப் போனான். அவன் தமிழாக்கிய ‘படையினர் காப்புச் சட்டம்’ முந்தின நாள் நிறைவேறியிருந்தது. இனி எந்தச் சர்வதேச நீதிமன்றமும் நாட்டின் சிப்பாய்களை விசாரிக்க முடியாது. “காப்பு! கச்சிதமான வார்த்தைய்யா, எங்கேருந்து புடிச்சே?” என்று பிரிவுத் தலைவர் முதுகில் தட்டினார். கதிரேசன் குனிந்தே இருந்தான். போன மாதம், சாகும் அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் மனைவி மங்களா, அவன் மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்த வரைவின் தலைப்பை மட்டும்தான் படித்தாள். அவள் அண்ணனைப் படையினர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. “அவங்க கையில காப்பு மாட்டப் போறாங்களா?” என்றாள். அவன் “ஆமா” என்றான். அதன்பின் அவள் ஒன்றுதான் கேட்டாள்: “அப்ப அண்ணன் எங்கேன்னு அவங்க சொல்லித்தானே ஆகணும்?”