ஹஜ்ஜுக்குப் போகும் கேத்தல்

"மூணும் சப்பட்டைக் கால். இது இங்க ஒரு ஓட்டையிலயும்—"

"இங்கத்த ஓட்டைக்கு யார் கேட்டா? நான் கொண்டு போற இடத்துக்குத்தான்—"

"எங்க கொண்டு போனாலும் வட்ட ஓட்டையில சப்பட்டைக் கால் போகாது. இது லண்டனுக்குச் செஞ்ச ப்ளக். நீங்க லண்டனுக்கா போறீங்க?"

இத்ரூஸ் லண்டனுக்குப் போகவில்லை, ஹஜ்ஜுக்குப் போகிறார் என்பது கரண்ட் சாமான் கடை ஜைனுதீனுக்கு நன்றாகவே தெரியும். மாத்தளைக் கடைத்தெருவில் அது தெரியாதவர் யாருமில்லை. இத்ரூஸே கடை கடையாக ஏறிச் சொல்லியிருந்தார். இந்த ஒரு கடையைத் தவிர.

கவுண்டரின் மேல், கரண்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. லண்டனிலிருந்து மருமகன் அனுப்பியது. வந்த நாளிலிருந்து கண்ணாடி அலமாரியில் இருந்து விருந்தாளிகளைப் பார்த்ததே தவிர, ஒரு கோப்பைத் தண்ணீரைச் சுட வைத்ததில்லை.

உண்மையைச் சொன்னால், இத்ரூஸ் ப்ளக் வாங்க வரவில்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவர், தன்னால் மனம் நொந்தவர்கள் எல்லோரிடமும் மாப்புக் கேட்டுவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டும். பாஸ்போர்ட் வந்துவிட்டது, ஊசி போட்டாயிற்று, ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராம் துணி வாங்கியாயிற்று, ஊரில் மாப்பும் வாங்கியாயிற்று. மிச்சம் தாய்மாமன் மகனான இந்த ஜைனுதீன் ஒருவர்தான்.

"அவர் வாயால மாப்பு வாங்காம ஏறினீங்கன்னா, கடல் பார்த்துட்டு வந்த கணக்குத்தான்," என்று மனைவி மஸீனா காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள்.

விஷயம் பெரிதில்லை, பெரிதாக்கியவர்கள்தான் இருவர். இத்ரூஸ் வீட்டுக் கல்யாணத்தில் கூடியிருந்து சாப்பிடும் பெரிய சோற்றுத் தட்டான ஸஹனில், முதலாவதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தாயிற்று. அப்போது கண்டியிலிருந்து சம்பந்தி வந்து நிற்க, இத்ரூஸ் ஜைனுதீனை எழுப்பி அடுத்த ஸஹனுக்குப் போகச் சொன்னார். ஜைனுதீன் கழுவிய கை காயுமுன் வாசலிறங்கிவிட்டார். அதோடு விட்டாரா? ஒரு பருக்கையும் வாயில் வைக்காமலே, கல்யாணத்துச் சோறு வேகவில்லை என்று ஊர் முழுக்கச் சொன்னார். அன்று நின்றது ஸலாம்.

"அங்க எத்தனை கால்?" என்றார் இத்ரூஸ்.

"ரெண்டு கால்னு போய் வந்தவங்க சொல்றாங்க. சில வீட்டுல அதுவும் இல்லையாம். ஒரு பல்ப் மட்டும் தொங்குமாம்." ஜைனுதீன் ஒரு ஹோல்டர் ப்ளக்கை எடுத்து வைத்தார். "அப்படின்னா இதுதான் தோது. பல்பைக் கழட்டிட்டு மாட்டணும். தண்ணி கொதிக்கும், இருட்டுல கொதிக்கும். கூடத் தங்குற ஹாஜிமார் தட்டித் தடவி உங்களுக்கு துஆச் செய்வாங்க."

"ரெண்டு காலே காட்டுங்க."

ஜைனுதீன் மேல் தட்டிலிருந்து பெட்டியை வலது கையால் மட்டும் இழுத்தார். பெட்டி சரிந்து ப்ளக்குகள் தரையெங்கும் உருண்டன. அப்போதும் அவருடைய இடது கை தொங்கியபடியே இருந்தது. எனக்கென்றால் ரெண்டு கையைத் தூக்குறதும் இவருக்குக் குறைச்சல்தான் என்று இத்ரூஸ் நினைத்துக்கொண்டார்.

ஒன்றை எடுத்துப் பெரிது என்றார். இன்னொன்று ஆடுகிறது என்றார். அடுத்ததன் கறுப்பு நிறம் பிடிக்கவில்லை என்றார்.

"ப்ளக் வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?"

"ஜைனுதீன்."

"என்ன, வெள்ளையில வேணுமா?"

"ப்ளக் வேணாம்." கேத்தலின் மூடியைப் பார்த்துக்கொண்டே இத்ரூஸ் சொன்னார். "அன்னைக்கு உங்களை எழுப்பினது என் பிழை. அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்யுங்க."

ஜைனுதீன் ஸ்டூலை இழுத்து வசதியாக உட்கார்ந்தார். சீனி போட்ட தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடிப்பவர் போல ஆரம்பித்தார்.

"எங்கேயிருந்து எழுப்பினீங்க?"

"ஸஹன்ல இருந்து."

"எத்தனையாவது ஸஹன்?"

"முதலாவது."

"யாருக்காக?"

"சம்பந்திக்காக."

"அந்தச் சம்பந்தி இப்ப உங்களோட பேச்சு வார்த்தையா?"

இத்ரூஸ் மூச்சை இழுத்து விட்டார். "இல்ல. போன பெருநாளோட அவரும் நின்னுட்டார்."

ஜைனுதீனின் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது. எழுந்து கவுண்டரைச் சுற்றி வந்து, இத்ரூஸின் கையைப் பிடித்தார்.

"அல்லாஹ்வுக்காக மாப்புச் செஞ்சேன்."

இத்ரூஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷனிடம் தலை குனிய இத்தனை காலமாகத் தள்ளிப் போட்டோமே, கடைசியில் இவரிடம் வந்து நின்றது நான்தானே என்று உள்ளே கொஞ்சம் குத்தினாலும், பயணம் லேசாகிவிட்டது. ப்ளக்கை மறந்து கேத்தலை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

"கொஞ்சம் நில்லுங்க மச்சான்."

மச்சான் என்ற சொல்லைக் கேட்டு எவ்வளவு காலம். இத்ரூஸ் திரும்பினார்.

ஜைனுதீன் கவுண்டரைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "நேத்து தந்தி வந்தது. யாரோ ஒருத்தர் போகல்லையாம், ஒரு இடம் காலியாம்."

"எங்க காலி?"

"உங்க கப்பல்லதான். நானும் பேர் குடுத்திருந்தேன், இடது கையில ஊசியும் போட்டாச்சு. நானும் வாறேன் மச்சான், சோறு வேகல்லன்னு சொன்னதுக்கு இனி நீங்கதான் என்னை மாப்புச் செய்யணும்."