இன்னும் பழுக்கவில்லை

"ஈ... அடுத்தது எஃப், பீ. மூண்டாவது வரி ரீ, ஓ, இசெட். அதுக்குக் கீழ கலங்கலாக் கிடக்கு, ஐயா."

கதிர்காமநாதன் நாற்காலியில் நிமிர்ந்திருந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி வாசித்து முடித்தார். மருதானையிலுள்ள அந்தக் கண் கிளினிக்கில் மாதந்தோறும் நடப்பதுதான்.

டொக்டர் நிலாம் டோர்ச் அடித்து அவர் கண்களைப் பார்த்தார். கண் பிறஷரையும் அளந்தார்.

"வெண்புரை இன்னும் பழுக்கல்ல. இப்ப வெட்டத் தேவையில்ல. அடுத்த மாசமும் வாங்க."

பொலிஸுக்குக் காட்ட ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தார். தாதி மாக்ரெட் கிழவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, வெளியே காத்திருந்த மகள் அருந்ததியிடம் விட்டாள்.

"என்னவாம், அப்பா?"

"பழுக்கேல்லையாம்."

அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்த முகத்தோடு அந்தக் கிளினிக்கை விட்டுப் போனவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அருந்ததிக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"நேற்றுச் சோத்துக் கோப்பையையே தடவித்தான் பிடிச்சனீங்கள். இப்பிடியே பொய் சொல்லிக் கண்ணை ஒரேயடியாக் கெடுக்கப் போறியள். டொக்டரிட்ட உள்ளதைச் சொன்னால் என்ன?"

"ஆரெண்டு தெரியாத ஆளிட்ட வாயைக் குடுக்கிற காலமே பிள்ளை இது? உனக்கு விசா வரட்டும். அதுவரைக்கும் எனக்கு உந்த மூண்டு வரியும் போதும்."

சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் பார்த்து அந்த மூன்று வரிகளையும், முதன்முதல் கிளினிக்குக்கு வந்த அன்று, டொக்டர் அறைக்குள் வரமுன்னம் அருந்ததிதான் காதுக்குள் சொல்லிக் கொடுத்தாள்.

சண்டைக்குள்ளிருந்து வவுனியாவால் கொழும்புக்கு வந்தவர்கள். வெள்ளவத்தை லொட்ஜில் தங்கப் பொலிஸ் விட்டதே அவருடைய கண்ணுக்காகத்தான். கண் தெரியாதவருக்குத் துணை என்று மகளையும் விட்டார்கள். ஒப்பரேஷன் முடிந்தால் இருவரும் திரும்பிவிட வேண்டும். கனடாவிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்ட விசாவோ வந்தபாடில்லை.

ஆவணியில் ஒருவழியாக அது வந்தது. மறுநாளே கிளினிக்குக்குப் போனார்கள். இந்தமுறை அருந்ததியும் கூடவே உள்ளே போனாள்.

"ஐயா, எனக்கு இப்ப ஒண்டுமே தெரியேல்லை. வெட்டி விடுங்கோ. மகள் கனடாவுக்குப் போறா. போகமுன்னம் ஒருக்கா அவளின்ர முகத்தைப் பாக்கவேணும்."

"சந்தோஷமான செய்தி. வியாழக்கிழமை வெட்டுவம். மாசாமாசம் பிறஷரைப் பார்த்துத்தானே வந்தேன், பயப்பட ஒண்டுமில்ல. மகள் போறதுக்கு முந்திக் கட்டு அவிழ்த்திடலாம்."

கதிர்காமநாதன் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். ஆனாலும் ஒன்று இடித்தது.

"இண்டைக்கு அந்த அட்டையை வாசிக்கச் சொல்லேல்லையே, ஐயா?"

எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்ற அருந்ததி, அப்பாவின் தோளை அழுத்தினாள்.

"எந்த அட்டைய?" டொக்டர் நிலாம் பேனையை மூடினார். "பெயின்ற் அடிக்கிறதுக்குக் கழட்டினது, திருப்பி மாட்டவே இல்ல. நாலஞ்சு மாசமா நீங்க வெறும் சுவரைத்தான் வாசிச்சிட்டிருந்தீங்க."