நூற்றுப் பதின்மூன்றாவது ஆள்

பரிசோதனை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு டெமட்ரியஸ் இரண்டு கைகளையும் உயர்த்தியபடி வந்தபோதே, வெளியே காத்திருந்த ரோஷெலுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"முப்பதுக்கு இருபத்தொம்பது! டாக்டரே அசந்துபோயிட்டாரு!"

பின்னாலேயே வந்த டாக்டர் சிரித்தார். "கவலைய விடுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் ஞாபகம் என்னோடதைவிடத் தெளிவா இருக்கு."

பாவி மனுஷா, என்று அவள் மனதுக்குள் திட்டினாள். டாக்டரை அல்ல, புருஷனை.

பதினான்கு மாதம் காத்திருந்து கிடைத்த பரிசோதனை இது. ஆடிய காலத்தில் மூளையில் அடிபட்டிருக்கிறது என்று இந்த டாக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால், பந்தைக் கையால் எறிந்து மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் பழைய ஆட்டக்காரர்களுக்கான நிதியிலிருந்து வீட்டுக்கு இரண்டு ஆண் பணியாளர்கள் வருவார்கள். இல்லையென்றால் நூற்று முப்பது கிலோ மனிதனோடு அவள் தனியாகத்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

அவன் லேசுப்பட்ட ஆளா? எதிரணியில் பந்தை எறிபவனை, பந்து கையை விட்டுப் போகுமுன் பாய்ந்து சாய்ப்பது அவன் வேலை. பதின்மூன்று வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு தடவை சாய்த்தான். ஒவ்வொரு தடவையும் மைதானத்தின் நடுவே நின்று, கைக்குழந்தையை ஏந்தியவன்போல் ஆடித் தாலாட்டுவான். எழுபதாயிரம் பேர் கூடச் சேர்ந்து ஆடுவார்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள் எதிராளியின் அம்மாவுக்குப் பூங்கொத்து அனுப்பி, 'உங்க பிள்ளையை நாளைக்கு நான் தூங்கவைக்கிறேன்' என்று சீட்டு வைப்பான். அப்போதெல்லாம் அவளும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான்.

அவனிடம் போய், தோற்றுவிட்டு வா என்றால் நடக்குமா?

கேள்விகளைச் சொன்னது கார்னெல். அதே பரிசோதனையில் தோற்றுக் கையெழுத்து வாங்கிய பழைய கூட்டாளி. நண்பன் பயப்படக் கூடாதே என்று, இன்னின்னதுதான் கேட்பார்கள் என்று ஃபோனில் சொல்லிவைத்தான். டெமட்ரியஸுக்கு அது போதாதா? எதிராளியைப் படிக்காமல் அவன் எந்த ஆட்டத்துக்கும் போனதில்லை. ஏழு வாரம் ராப்பகலாக உருப்போட்டிருக்கிறான்.

ஜூலை முழுக்க, என்ன தேதி என்று யார் கேட்டாலும் 'ஆகஸ்ட் பத்தொன்பது' என்று இன்றைய தேதியையே சொன்னான். அவள் அதையும் வியாதி என்றல்லவா நினைத்தாள்!

"எல்லாம் மனப்பாடம் டாக்டர்," என்றாள். "கேள்விய முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்காரு."

"மனப்பாடம் பண்ண முடியுதுல்ல? அதத்தானம்மா நாங்களும் பாக்குறோம்." அடுத்த பரிசோதனைக்கு இரண்டு வருடம் கழித்து வரச் சொல்லிவிட்டு, டாக்டர் ஒரு தொப்பியை நீட்டி அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"நூத்திப் பதிமூணு!" என்று டாக்டரைக் காட்டிக் கத்தினான் டெமட்ரியஸ். கூடத்தின் நடுவே நின்று தாலாட்ட ஆரம்பித்தான். காத்திருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். ஆளாளுக்கு ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

அதே வேகத்தில் ரோஷெலின் கையைப் பிடித்து, ஜெயித்தவளின் கையைப்போல் உயரத் தூக்கினான். அந்த வெயிலிலும் அவள் போட்டுவந்திருந்த முழுக்கைச் சட்டையின் கை தோள்வரை சரிந்தது.

ஆட்டம் நின்றது. முழங்கைக்கு மேலே ஐந்து விரலும் பதிந்து வீங்கியிருந்த இடத்தை அவன் பார்த்தான். முகம் சுருங்கியது, கண் நிறைந்தது.

"எவன் இதப் பண்ணது? பேரச் சொல்லு ரோஷெல். அவன நான் சும்மா விடமாட்டேன்."