ஏழு வருஷ ஷீட்டு

கேரள எல்லையோரப் பனச்சமூட்டில் கனகதாஸின் கூரை ஷீட் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூரை ஷீட் நின்றது. மேலே போர்டு: ‘ஏழு வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அடித்துப் பாருங்கள்.’ பக்கத்திலேயே சுத்தியலும் உண்டு. கேரளத்து மழையும் தமிழ்நாட்டு வெயிலும் முறைவைத்து அடித்தும் ஷீட்டில் ஒரு கீறல் விழவில்லை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஆளுக்கொரு அடி கொடுத்துவிட்டு, தோற்றுப்போன சூரியனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அன்று சர்ச் மண்டபத்துக்குக் கூரை போட ஷீட் பார்க்கச் சபை செக்ரட்டரி ஞானசிகாமணி வந்திருந்தார். தன் மகள் ஜிஜாவின் கல்யாணத்துக்குக் கனகதாஸ் இந்த ஆர்டரைத்தான் நம்பியிருந்தார்.

“பிளாஸ்டிக்கு வெயில் கொண்டா பொடிஞ்சு போவுமே?” என்றார் செக்ரட்டரி.

“இது அப்படியில்ல சாரே. நாள் போகப் போக பெலம் கூடும். நல்லா ஓங்கி அடிங்க.”

ஞானசிகாமணி மரியாதைக்கு ஒரு தட்டுத்தான் தட்டினார். ஷீட் பப்படம்போல் பொடிந்து அவர் செருப்பில் கொட்டியது.

“பெலம் கொஞ்சம் கூடிப்போச்சு, இல்லியா?” என்றவர் எதிர்க்கடைக்கு நடந்தார்.

கனகதாஸ் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு ஓடினார். “எட்டீ விமலா! போன ஞாயித்துக்கெழமை நான் மாத்தி வச்ச புது ஷீட்டு எங்கட்டீ?”

“கோழிக்கூட்டுக்கு மேல கெடக்கு,” என்றாள் மனைவி விமலகுமாரி. “கூட்டில கெடந்த பழசைத் தேச்சுக் கழுவி கடை வாசல்ல வச்சேன். கண்டவனெல்லாம் அடிக்கதுக்கு மாசாமாசம் புதுசு எதுக்கு? நெசமாவே ஏழு வருஷம் வெயில் கொண்டது அதாக்கும்!”