மேலே ஒரு புள்ளி

சகாயராஜ் அந்தப் பெண்ணின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அவர் மனைவி மலர்விழி, அவரையும் அந்த உதட்டையும் மாறி மாறி முறைத்தாள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்யும் கடை அது. கடைக்காரி ஜீவிதா, சகாயராஜ் ஆர்மோனியம் வாசிக்கும் மாதா கோயிலில் பாடுகிறவள்.

"ஒன் வீட்டுக்காரரு சாயங்காலமானா அங்கதாண்டி கெடக்காரு. ரெண்டாவதா ஒரு பத்திரிகை அடிக்கிறாரோ என்னமோ!" என்று பக்கத்து வீட்டு சிவனம்மாள் சிரித்தபோது, மலர்விழியும் கூடச் சிரித்துவைத்தாள்.

முன்பெல்லாம் அவள் அடுப்படியில் எதையாவது முணுமுணுத்தால் போதும், கூடத்திலிருந்து ஆர்மோனியம் வந்து சேர்ந்துகொள்ளும். இப்போது கூப்பிட்டால்கூட அந்த மனுஷன் தலையைத் தூக்குவதில்லை.

உள்ளே அவருடைய போன் மேஜையில் கிடந்தது. அதன் இயர்போன் இரண்டும் ஜீவிதாவின் காதில். அவள் கேட்டுக் கேட்டு, "ப த ஸா" என்று பாடியபடி டைப் செய்ய, அவர் அவள் வாயைப் பார்ப்பதும் கம்ப்யூட்டர் திரையைத் தொட்டுக் காட்டுவதுமாக இருந்தார்.

"ஸாவுக்கு மேல இருந்த புள்ளி எங்க?" தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். கூச்சம்கூட இல்லை.

"வச்சேன் மாஸ்டர். எழுத்தப் பெருசாக்குனா புள்ளியக் கம்ப்யூட்டரு முழுங்கிருது."

"திரும்ப வையி. புள்ளி இல்லேன்னா பாட்டு கீழ எறங்கிரும்."

மலர்விழி கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். திரையில் ஸ்வரங்கள் கொட்டை எழுத்தில் நின்றன. சின்ன வயதில் ஸ்வரம் படித்தவள்தான். வாய்க்குள் பாடிப் பார்த்தாள். இரண்டாவது வரியில் நிறுத்தினாள்.

மகளைத் தூங்கவைக்க அவளே கட்டிய தாலாட்டு. எப்போதோ அவர் போனில் பதிந்துவைத்ததோடு சரி, வீட்டுக்கு வெளியே ஒருத்தர் கேட்டதில்லை.

"என் பாட்டையா இவளுக்குத் தூக்கிக் குடுத்தீங்க?" அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினாள். "வேற எதக் குடுத்திருந்தாலும் பொறுத்திருப்பேனே!"

சகாயராஜ் திரும்பவே இல்லை. திரையில் விரலை வைத்துப் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, எம்புட்டுத் திமிரு!"

ஜீவிதா மெதுவாக இயர்போனைக் கழற்றினாள்.

"முன்னால வந்து பேசுங்கக்கா, மாஸ்டருக்குக் காது கேக்கல. இனிமே ஒங்க பாட்ட அவரு படிச்சுத்தான் கேக்கணும்."