ஐந்தடி எட்டு அங்குலம்

"அஞ்சடி எட்டு இன்ச்சு, தம்பி" என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் தங்கமணி. "எங்க தோட்டத்து லயத்து வீடுங்கள்லயே அவருதான் ஒசரம்."

போலீஸ்காரர் தினேஸ்வரன் கணினித் திரையைப் பார்த்தார். காணாமல் போனவரின் உயரத்தை அது சென்டிமீட்டரில்தான் கேட்டது. கைப்பேசியில் கணக்குப் போட்டு 173 என்று தட்டினார். ஜொகூரிலிருந்து மாற்றலாகிப் பீடோங் பக்கம் வந்து அவருக்கு இது இரண்டாவது நாள்.

"பேரு மெய்யப்பன்னு சொன்னீங்க. எப்பலேர்ந்தும்மா காணோம்?"

"காலையில வேலைக்குப் போனவரு. மத்தியானச் சோத்துக்கு வந்துருவாரு. இப்ப மணி மூணாச்சு. சோறெல்லாம் ஆறிப் போய்க் கெடக்கு."

"வயசு?"

"என்னைவிட அஞ்சு வயசு மூத்தவரு."

தங்கமணியின் அடையாள அட்டையில் பிறந்த வருடம் 1952. தினேஸ்வரன் மனத்துக்குள் கூட்டி எழுபத்தெட்டு என்று பதிந்தார்.

"இந்த வயசுலயும் வேலைக்குப் போறாரா?"

"போகாம? வீட்டுல உக்கார்ற ஆளா அவரு?"

"ஞாபக மறதி ஏதாச்சும் இருக்காம்மா? அப்படி இருந்தா சொல்லிடுங்க, உடனே தேடணும்லா."

"அவருக்கா?" தங்கமணிக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு தடவ ஒரு மூஞ்சியப் பாத்தா ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாரு."

அடுத்து எடை. தங்கமணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, அவரு எத்தன ராத்தல் இருப்பாரு?"

"நூத்து நாப்பது" என்றார் பெரியவர், சட்டென்று.

"ராத்தலா? அப்படின்னா என்னங்கய்யா?"

"பவுண்டு, தம்பி. தோட்டத்துல முன்ன அப்படித்தான் சொல்லுவோம்."

அறுபத்து மூன்றரைக் கிலோ. அதையும் தட்டினார் தினேஸ்வரன்.

"இந்த அண்ணன் மட்டும் இல்லன்னா நான் தெருவுலதான் நின்னுருப்பேன்" என்றார் தங்கமணி. "பாவம், வெயில்ல பஸ் புடிச்சு இந்தப் போலீஸ் பாலாய்க்குக் கூட்டிட்டு வந்தாரு."

"நீங்க சொந்தமாங்கய்யா?"

"பக்கத்துலயேதான் இருக்கேன்" என்றார் பெரியவர்.

"சரிம்மா. அவரு எங்க வேல செய்றாரு?"

"நாலாங்கட்டையில."

தினேஸ்வரன் மறுபடி பெரியவரைப் பார்த்தார்.

"மைல்கல்லத்தான் கட்டைன்னு சொல்றது, தம்பி. டவுன்லேர்ந்து நாலு மைல்."

ஆறு புள்ளி நான்கு கிலோமீட்டர். கைப்பேசி வரைபடத்தில் அந்த இடத்தை விரித்துப் பார்த்தார் தினேஸ்வரன். இரண்டு பக்கமும் மாடி வீடுகள், நடுவில் ஒரு பெரிய பேரங்காடி.

"அம்மா, அங்க வீடுங்க கட்டின ஒரு தாமான்தான் காட்டுது. கடையில வேலையா?"

"தாமானா? என்ன தம்பி சொல்றீங்க? அது ரப்பர் காடு. இருட்டோட எந்திரிச்சு, வாளியும் பால் கத்தியுமா சைக்கிள்ல போனாரு. நான்தான் வாசல்ல நின்னு பாத்தேன்."

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. தினேஸ்வரன் அந்த அம்மாவின் நரைத்த தலையைப் பார்த்தார். பிறகு திரையில் தான் பதிந்து வைத்திருந்ததை எல்லாம் பார்த்தார்.

தங்கமணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "கல்யாணம் ஆகி வருசம் ரெண்டுகூட ஆகல. இந்த ஊர்ல எனக்கு அவரை விட்டா யாரு இருக்கா? ஒத்தையில நான் எங்கன்னு போயித் தேடுவேன்?"

பெரியவர் எழுந்து அருகில் வந்தார். தங்கமணியின் தோளைத் தொடப்போன கை பாதியிலேயே நின்று, மெல்லக் கீழே இறங்கியது.

தினேஸ்வரன் ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அழாதீங்கம்மா. எல்லாம் எழுதிக்கிட்டேன். நாங்க பாத்துக்கிறோம்."

"எழுதிட்டீங்கல்ல? அஞ்சடி எட்டு இன்ச்சு. மறந்துறாதீங்க, தம்பி."

"மறக்க மாட்டேம்மா."

தங்கமணியின் முகம் தெளிந்தது. இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வாசலுக்குப் போய்ச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தினேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அவங்க வீட்டுக்காரரு எப்பத் தவறினாரு?"

"தவறல, தம்பி." பெரியவர் மேசையில் கிடந்த தங்கமணியின் அடையாள அட்டையை எடுத்து, சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். "வாரத்துல ரெண்டு நாளாச்சும் இங்க வருவோம். முன்ன இருந்த சார்ஜன் உங்கள மாதிரியேதான், பொறுமையா எழுதிக்குவாரு. எழுதினாத்தான் அது வீட்டுக்கு வரும். ஒரு வாய் சோறு திங்கும்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டாம இருப்போமா? மருந்து குடுக்குறாங்க. இது இப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க."

"அண்ணே!" வாசலிலிருந்து தங்கமணி கூப்பிட்டார். "பஸ்ஸு வருதுண்ணே! சீக்கிரம் வாங்க, அவரு வீட்டுக்கு வந்துருந்தாலும் வந்துருப்பாரு!"

"இதோ வரேம்மா" என்று பெரியவர் மேசையில் கையூன்றி நிமிர்ந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்றார் தினேஸ்வரன். "அப்ப மெய்யப்பன் எங்கதான் இருக்காரு?"

பெரியவர் வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"நான்தான் தம்பி மெய்யப்பன்."