ஒரு ஆக்சிஜன் அதிகம்

மகளின் வேதியியல் வீட்டுப்பாடத்தில், தண்ணீருக்கான சமன்பாட்டோடு அப்பா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பக்கமும் ஆக்சிஜன் சரியாத்தானே இருக்கு?”

“இருக்கு. குடிச்சுப் பாருங்க, தெரியும்! நீங்க பண்ணின மாதிரி தண்ணில இன்னொரு ஆக்சிஜனைச் சேர்த்தா, அது முடியை வெளுக்கிற மருந்துப்பா. கீழே இருக்கிற குட்டி எண்ணைத் தொடாதீங்க, முன்னாடி ரெண்டு போடுங்க.”

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: “அரைகுறையாச் சொல்லிக்குடுத்து அவளையும் கெடுக்காதீங்க!”

ஒருவழியாகச் சமன்பாடு சரியானது. அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்கு நான் இதை போர்டுல போடும்போது, நீ மட்டும் சந்தேகம்னு கையைத் தூக்கிடாதேம்மா. சரித்திர வாத்தியார் தலையில கெமிஸ்ட்ரியைக் கட்டினா நான் என்ன பண்ணுவேன்?”

“தூக்கலை. ஆனா இனிமே வீட்டுப்பாடம் குடுக்கறதுக்கு முன்னாடி, ஒரு தடவை நீங்களே போட்டுப் பாத்துடுங்க, சார்!”